குடியா, குழப்பமா? கல்லீரல் நோயாளியின் வீட்டில் கைநழுவிய 14 மணி நேரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாலை 6 மணிக்கு அவர் சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். பேச்சு குழறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தார். மனைவி கிட்டப் போய் வாயை முகர்ந்து பார்த்தார். இனிப்பும் பூஞ்சையும் கலந்தது போல ஒரு வாடை. இந்தக் காட்சியை 20 ஆண்டுகளாகப் பார்த்தவருக்கு வேறு என்ன தோன்றும்? அடுத்த இரண்டு மணி நேரம் வீடு முழுக்கப் பாட்டில் தேடினார்கள். கிடைக்கவில்லை. "நான் குடிக்கல" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று படுக்கவைத்தார்கள். காலை 8 மணிக்கு உலுக்கி எழுப்பியபோது கண் திறந்தார். எதிரில் நின்ற மகளின் பெயர் சொல்ல வரவில்லை.

மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இல்லை. சோடியம் 127, பொட்டாசியம் 3.0. இரண்டுமே குறைவு. வயிற்று நீரில் கிருமித்தொற்று இல்லை. மலம் கழித்து இரண்டரை நாள் ஆகியிருந்தது. கல்லீரல் பழுதால் வரும் மூளைக்குழப்பம், மூன்றாம் நிலை. லாக்டுலோஸ் எனிமா கொடுத்து, மூக்குக்குழாய் வழியாகவும் லாக்டுலோஸ் செலுத்தி, பொட்டாசியத்தைச் சரிசெய்த பிறகு, 36 மணி நேரத்தில் தெளிந்தார்.

இதில் வருவது ஒரு தனிக் குடும்பம் அல்ல. குடியால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கும் வீடுகளில் வழக்கமாக நடப்பவற்றைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. மருந்தளவுகள் நடைமுறையில் உள்ளவை. ஆனால் உங்கள் வீட்டு நோயாளிக்கு அவருடைய மருத்துவர் எழுதியதுதான் அளவு.

முதல் தவறு, ஏழு வாரம் முன்னால்

நோயாளிக்கு 52 வயது. தினமும் குடித்தவர். கண் மஞ்சளித்து, வயிறு உப்பியதும் குடும்பம் பயந்து, அவரை அறையில் வைத்துப் பூட்டியது. ஒரு சொட்டு கொடுக்கக்கூடாது என்பது முடிவு. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் நெடுநாள் தினசரி குடித்தவர் உடம்பு, குடியை எதிர்பார்த்தே நரம்புகளை முறுக்கி வைத்திருக்கிறது. திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு இல்லாததைப் பார்ப்பது, இருக்கும் இடம் தெரியாமல் போவது, காய்ச்சல், நாடித்துடிப்பு எகிறுவது எல்லாம் சேர்ந்து வரும். இந்த நிலை உயிரையே வாங்கக்கூடும். இவருக்கு மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ்.

குடியை நிறுத்த வேண்டும், ஆனால் மருத்துவமனையில் நிறுத்த வேண்டும். அங்கே நடுக்கத்தைச் சில மணிக்கு ஒருமுறை அளந்து மருந்து கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டவருக்கு லோராசிபாம் போல உடலில் நெடுநேரம் தங்காத மருந்தைத் தேர்வார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். தயமின் வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளையில் நிரந்தரச் சேதம் வரலாம். மயக்கமாகக் கிடக்கும் குடிகாரருக்கு அவசரத்தில் 'ஒரு பாட்டில் குளுக்கோஸ்' மட்டும் போட்டு அனுப்பச் சொல்லும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அன்றைய ரத்த அறிக்கை: எஸ்.ஜி.ஓ.டி 142, எஸ்.ஜி.பி.டி 58, பிலிருபின் 6.8, ஆல்புமின் 2.6, ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) 1.4, தட்டணுக்கள் 88,000. குடும்பத்தார் பெரும்பாலும் முதல் இரண்டு எண்களைப் பார்த்தே நிம்மதி அடைவார்கள் அல்லது அலறுவார்கள். அவை கல்லீரல் எவ்வளவு காயப்படுகிறது என்பதன் அடையாளம் மட்டும் (ஓ.டி, பி.டி-யைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது குடியின் கைரேகை). கல்லீரலுக்கு இன்னும் எவ்வளவு வேலை செய்யத் திராணி இருக்கிறது என்பதைச் சொல்பவை பிலிருபின், ஆல்புமின், ஐ.என்.ஆர் ஆகிய மூன்றும். இவற்றோடு வயிற்று நீரையும் மூளைக்குழப்பத்தையும் சேர்த்துப் போடும் சைல்ட்-ப்யூ கணக்கில் இவருக்கு 11. அதாவது மிக மோசமான சி வகுப்பு. புரோத்ராம்பின் நேரம் (ரத்தம் உறைய ஆகும் நேரம்) இயல்பைவிட 4 விநாடிதான் அதிகம் என்பதால், குடியால் வந்த கல்லீரல் அழற்சியின் கடுமையைக் காட்டும் மேட்ரே எண் 25 அளவில் நின்றது. ஸ்டீராய்டு யோசிக்கும் 32-ஐத் தொடவில்லை.

சீட்டில் இருந்ததும் இல்லாததும்

11-ஆம் நாள் வீடு திரும்பினார். சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்ற ஸ்பைரோனோலாக்டோன் 100 மி.கி, ஃபியூரோசமைடு 40 மி.கி; கூடவே கார்வெடிலால் 6.25 மி.கி, தயமின், லாக்டுலோஸ் 20 மி.லி. மூன்று வேளை. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் வீங்கிய ரத்தநாளங்கள் தெரிந்ததால், அவற்றின் அழுத்தத்தைக் குறைக்கக் கார்வெடிலால். லாக்டுலோஸ் எதற்கு என்று குடும்பம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "மலம் இளக."

அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான். குடலில் உருவாகும் அம்மோனியாவை நல்ல கல்லீரல் வடிகட்டிவிடும். கெட்ட கல்லீரல் விட்டுவிடும். அது மூளைக்கு ஏறும். லாக்டுலோஸ் பெருங்குடலைப் புளிக்கவைத்து அம்மோனியாவை அங்கேயே கட்டிப்போட்டு வெளியே தள்ளுகிறது. ஆக, இது மலச்சிக்கல் மருந்து என்பதைவிட மூளை மருந்து. 'மலம் இளக' என்று மட்டும் கேள்விப்பட்டவர், மலம் சரியாகப் போகும் நாளில் அதை நிறுத்துவார். சரியாகப் போவதே அந்த மருந்தால்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இலக்கு எண்ணிக்கைதான்: நாளுக்கு 2 அல்லது 3 முறை, குழைவான மலம். குறைந்தால் அளவைக் கூட்ட வேண்டும். நான்கைந்து முறை நீராகப் போனால் குறைக்க வேண்டும்; உடம்பு வற்றினால் அதுவே குழப்பத்தைக் கொண்டுவரும்.

யாரும் கவனிக்காத பத்து நாள்

அந்த மாலைக்கு முந்தைய பத்து நாளைப் பின்னோக்கிப் பார்த்தால் நான்கு விஷயங்கள் வரிசையாகத் தெரிகின்றன.

முதலில் தூக்கம் புரண்டது. பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. மூளைக்குழப்பத்தின் முதல் தட்டு பெரும்பாலும் இதுதான். வீட்டில் இதை 'குடிக்க முடியாத தவிப்பு' என்று படித்தார்கள்.

இரண்டாவது, அவருடைய அண்ணன் தனக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் மீதி இருந்ததைக் கொடுத்தார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் ஏற்கெனவே மங்கும் மூளையை அது இன்னும் அழுத்தும். கல்லீரலால் அந்த மருந்தைச் சீக்கிரம் உடைக்கவும் முடியாது. ஒரு இரவுக்கான மாத்திரை அடுத்த நாள் மாலை வரை நிற்கும்.

மூன்றாவது, 'தண்ணி சீக்கிரம் வடியட்டும்' என்று ஃபியூரோசமைடை இரண்டாக்கினார்கள். 5 நாளில் எடை 4 கிலோ இறங்கியது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. கால் வீக்கம் வற்றியவருக்கு நாளுக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கக்கூடாது. வீக்கம் இருந்தாலும் ஒரு கிலோதான் எல்லை. அதற்கு மேல் போவது வயிற்று நீர் அல்ல, ரத்த ஓட்டத்தின் நீர். கூடவே பொட்டாசியமும் போகிறது. பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே அம்மோனியாவைக் கூடுதலாகத் தயாரிக்கும்.

நான்காவது, ஒரு வெளிவேலைக்கு நெடுநேரம் பயணம் போக வேண்டியிருந்ததால் நோயாளியே லாக்டுலோஸை நிறுத்திவிட்டார். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. இதற்கு யாரும் முன்கூட்டியே பதில் சொல்லி வைக்கவில்லை. காலை வேளை மருந்தைப் பயணம் முடிந்த பிறகுக்குத் தள்ளி, இரவு வேளையைக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

நான்கில் எதுவும் தனியாக அவரைச் சாய்த்திருக்காது.

முகர்ந்து பார்த்தது ஏன் ஏமாற்றியது

மனைவியைக் குற்றம் சொல்ல இங்கே எதுவும் இல்லை. குழறல், தள்ளாட்டம், எரிச்சல், பொருந்தாத நடத்தை என எல்லாமே குடிக்கும் பொது, குழப்பத்துக்கும் பொது. வாடைகூட ஏமாற்றும்: கல்லீரல் வடிகட்டத் தவறிய கந்தகப் பொருட்கள் மூச்சில் கலந்து ஒரு இனிப்பு நாற்றத்தைக் கொடுக்கும். 20 ஆண்டுகள் பொய் கேட்ட காது, ஒருநாள் சொன்ன உண்மையை எப்படி வேறுபடுத்தும்? 'நோயாளியை நம்புங்கள்' என்ற அறிவுரை இந்த இடத்தில் பயன்படாது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் வேலை செய்கிற ஒரு விதி தேவை.

வீட்டார் பிறகு ஏற்றுக்கொண்ட விதி இது: குழப்பம் தெரிந்தால் குடித்தாரா என்ற கேள்வியையே கேட்பதில்லை. நேராக மருத்துவமனை. அவர் உண்மையிலேயே குடித்திருந்தாலும் போக வேண்டும். ஏனெனில் சி வகுப்புக் கல்லீரலோடு குடித்துவிட்டுக் குழம்பியவருக்கு வெறும் போதைதான் என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. தலையில் அடிபட்ட ரத்தக்கசிவு, சர்க்கரை இறக்கம், உள்ளே ரத்தப்போக்கு எதுவும் இருக்கலாம். பாட்டில் தேடிய இரண்டு மணி நேரத்தால், பாட்டில் கிடைத்திருந்தாலும் பயன் இல்லை.

இதோடு வேறு சிலவும் உடனே போக வேண்டிய பட்டியலில் சேர்ந்தன: ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் (இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல் ஒட்டி நாறாது), காய்ச்சல் அல்லது வயிற்றுவலி, சிறுநீர் வெகுவாகக் குறைவது. வயிற்று நீரில் தொற்று வந்தால் சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. லேசான வலியும் மந்தமும்தான் இருக்கும்.

ஒரு குறிப்பேடு, ஐந்து கட்டம்

மகள் ஒரு நோட்டில் கட்டம் போட்டார். காலை எடை (சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், அதே தராசு). மலம் எத்தனை முறை. இரவில் எவ்வளவு தூங்கினார், பகலில் எவ்வளவு. மருந்துகள் போனதா. ஐந்தாவது கட்டம், ஒரு கோடு.

அந்தக் கோடு ஒரு நட்சத்திரம். தெளிவாக இருக்கும் நாளில் ஐந்து முனை நட்சத்திரம் வரையச் சொல்லி, கையெழுத்தும் போடச் சொல்லி முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பிறகு தினமும் மாலையில் ஒன்று. முனைகள் சேராமல் போனாலோ கையெழுத்து கோணினாலோ முதல் பக்கத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் உள்ளங்கை இறக்கை போல் சடக்கென்று விழுந்து எழுவதும் அடையாளம். ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்வது இன்னொரு வழி. பத்துக்கும் குறைவாக வந்தால் சந்தேகப்பட வேண்டும். இவை நோயைக் கண்டுபிடித்துத் தீர்ப்பு சொல்பவை அல்ல. நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிப்பவை.

நோட்டில் 'குடித்தாரா?' என்று ஆறாவது கட்டம் வேண்டும் என்றார் அண்ணன். மகள் மறுத்துவிட்டார். எங்கள் பார்வையில் இந்த நிகழ்வில் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான். செவிலியும் காவல்காரரும் ஒரே ஆளாக இருந்தால் நோயாளி இரண்டு பேரிடமும் மறைப்பார். குடியை மட்டுமல்ல, கறுப்பு மலத்தையும் சேர்த்து. குடித்தாரா என்று பார்க்கும் வேலையை மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு சில நாள் வரையும், ரத்தத்தில் பெத் எனப்படும் ஃபாஸ்ஃபட்டைடில் எத்தனால் இரண்டு முதல் நான்கு வாரம் வரையும் குடியைக் காட்டிக்கொடுக்கும். நோயாளியின் சம்மதத்தோடு, முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுக்கும் சோதனை, முடிவு நேரே மருத்துவருக்கு. வீட்டில் பை சோதிப்பது நின்றது.

இந்த முறை சேர்க்கையில் லாக்டுலோஸோடு, அம்மோனியா உண்டாக்கும் குடல் கிருமிகளைக் குறைக்கும் ரிஃபாக்சிமின் 550 மி.கி. இரு வேளை சேர்ந்தது. வண்டி ஓட்டுவது நிறுத்தப்பட்டது. அதற்குத்தான் அவர் அதிகம் கோபப்பட்டார்.

சாப்பாடு

பழைய அறிவுரை ஒன்று இன்னும் உலவுகிறது: குழப்பம் வந்தால் புரதத்தை நிறுத்து. தவறு. கல்லீரல் கைவிட்ட அம்மோனியாவைத் தசையும் கொஞ்சம் ஏற்றுக்கொள்கிறது. புரதத்தைக் குறைத்தால் தசை கரைந்து குழப்பம் கூடும். நீர் நீங்கிய எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். இவருக்கு 60 கிலோ என்று வைத்து, நாளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்றால் கணக்கு எவ்வளவு பெரியது என்று புரியும். உப்பிய வயிறு இரைப்பையை நெருக்குவதால் ஒரேயடியாகச் சாப்பிட முடியாது. சின்னச் சின்னதாக ஆறு வேளை. படுக்கும் முன் 50 கிராம் மாவுச்சத்து உள்ள ஒரு சிற்றுணவு கட்டாயம். கல்லீரலில் சர்க்கரை சேமிப்பு இல்லாதவர் இரவு முழுக்க வெறும் வயிற்றோடு கிடந்தால் உடம்பு தன் தசையையே தின்கிறது.

உப்பு மொத்தமாக நாளுக்கு 5 கிராம், தட்டையான ஒரு தேக்கரண்டி. பொட்டலத் தின்பண்டங்களில் உள்ளதும் இதில் அடக்கம். 'உப்புக்குப் பதில் உப்பு' என்று விற்பவை பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு அது பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது. பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராம் வரை பெரும்பாலும் பாதுகாப்பு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஐந்தாம் மாதம், உண்மையிலேயே குடித்தபோது

பெத் முடிவு வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்த முறை பாட்டிலும் இருந்தது. அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரையைத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடலாம். டைசல்ஃபிரம். இதை எங்கேயும் செய்யக்கூடாது, இந்த வீட்டில் நிச்சயம் கூடாது. அந்த மருந்தே கல்லீரலைத் தாக்கக்கூடியது. அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரியும், ஓங்கரிப்பு வரும். தெரியாமல் எடுத்தவருக்கு எச்சரிக்கையாக இருக்கும் வாய்ப்பே இல்லை. தெரியவந்த நாளிலிருந்து வீட்டில் யார் கையால் கொடுக்கும் எந்த மாத்திரையையும் அவர் விழுங்கமாட்டார்.

மருத்துவர் குடிக்கும் ஆசையைத் தணிக்கும் மருந்தை நோயாளியிடமே பேசித் தேர்ந்தெடுத்தார். கல்லீரல் சுருங்கியவர்களில் நேரடியாகச் சோதிக்கப்பட்டது பேக்லோஃபென். ஆனால் அது மந்தம் தரும், குழப்பம் வந்து போனவருக்குத் தயக்கம். அகாம்ப்ரோசேட் கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே போகிறது; அந்நேரம் பி வகுப்புக்கு வந்திருந்த அவருக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டு அது.

குடும்பத்துக்குச் சிக்கலான கேள்வி வேறு. குடிநோயாளியின் வீட்டாருக்குப் பொதுவாகச் சொல்வது, விளைவுகளிலிருந்து அவரைக் காப்பாற்றாதீர்கள் என்பது. கிராஃப்ட் என்ற குடும்பப் பயிற்சி முறையும் அதன் ஒரு பகுதியாக இதைச் சொல்கிறது: குடிக்காத நேரத்தை இனிமையாக்கு, குடித்த நேரத்தின் விளைவை அவரே சுமக்கட்டும். ஆனால் உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்திருப்பவரை வாந்தியோடு தரையில் விட்டுவிட முடியுமா? இங்கே விளைவுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சமூக விளைவுகள் அவருடையவை: வேலையிடத்துக்கு 'காய்ச்சல்' என்று மனைவி போன் செய்வதில்லை, கடனை அண்ணன் அடைப்பதில்லை, சொன்ன சந்திப்பை அவரே ரத்து செய்ய வேண்டும். உடல் விளைவுகள் குடும்பத்தின் பொறுப்பில்: ஒருக்களித்துப் படுக்கவைப்பது, லாக்டுலோஸை நிறுத்தாமல் தருவது, குழப்பம் என்றால் மருத்துவமனை. 'குடித்தவனுக்கு எதற்கு மருந்து?' என்று தண்டனையாக மருந்தை நிறுத்துவதே இந்தப் பிரிவினை இல்லாததால் வரும் விபத்து.

போதையில் இருக்கும்போது பேசுவதில்லை. மறுநாள் காலை, மருந்து கொடுத்த பிறகு, மனைவி சொன்னது மூன்று வாக்கியம்: "நேத்து நீங்க குடிச்சது எனக்குத் தெரியும். எனக்குப் பயமா இருந்துச்சு. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் கூட வர்றேன்." சொன்னார்.

பராமரிப்பவர் பக்கம்

அந்த 14 மணி நேரத்தின் குற்றவுணர்ச்சி மனைவியைப் பல மாதம் தின்றது. அதனடியில் பேச முடியாத இன்னொன்று: இவ்வளவும் அவரே வரவழைத்துக்கொண்டதுதானே என்ற கோபம். புற்றுநோயாளியின் மனைவிக்கு இந்தக் கோபம் இருக்காது என்பதால் தனக்கு மட்டும் ஏதோ கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். கோபம் இருந்தபடியே மருந்து எடுத்துக் கொடுக்க முடியும். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கான அல்-அனான் கூட்டங்கள் 1951 முதல் நடக்கின்றன. அங்கே இந்தக் கோபத்தைச் சொன்னால் யாரும் அதிர்ச்சி அடையமாட்டார்கள்.

நடைமுறையில் உதவியது இரண்டு. வாரத்தில் இரண்டு இரவு அண்ணன் வந்து படுத்தார்; நோட்டு இருந்ததால் புதிய ஆளுக்கும் என்ன செய்வதென்று தெரிந்தது. இரண்டாவது, தெளிவாக இருந்த ஒரு மதியத்தில் நோயாளியிடமே கேட்டு எழுதி வைத்தார்கள்: தான் பேச முடியாத நிலையில் யார் முடிவெடுப்பது, செயற்கை சுவாசம் வேண்டுமா, எதுவரை. இந்நோயில் தெளிவு வந்து போகும் என்பதால் இதைத் தள்ளிப்போடக்கூடாது. வலி, அரிப்பு, தூக்கமின்மையைத் தணிக்கும் பேலியேட்டிவ் குழுவும் இந்தக் கட்டத்திலேயே வரலாம். கடைசி வாரத்துக்கு மட்டுமானது அல்ல. மாற்றுக் கல்லீரலுக்குப் பதிவு செய்துகொண்டே இதையும் பெறலாம்.

14-ஆம் மாதம்

அந்த ஒரு சறுக்கலுக்குப் பின் 9 மாதமாகக் குடியில்லை. பிலிருபின் 2.1, ஆல்புமின் 3.2, ஐ.என்.ஆர் 1.3. வயிற்றில் லேசாக நீர், மருந்தோடு. சைல்ட்-ப்யூ 8. நீரும் குழப்பமும் மருந்தே இல்லாமல் அடங்கி, ரத்தக்கசிவும் இல்லாமல் 12 மாதம் தாண்டி, ரத்த எண்களும் தேறினால்தான் கல்லீரல் மறுபடி ஈடுகொடுக்கிறது என்று சொல்வார்கள். அந்த இடத்துக்கு இவர் இன்னும் வரவில்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை புற்றுக்கட்டிக்கான ஸ்கேன் தொடர்கிறது. குடியை விட்ட பிறகும் சுருங்கிய கல்லீரலில் அது வரலாம். மாற்று அறுவைக் குழு அவரை ஒருமுறை பார்த்திருக்கிறது, அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து.

நோட்டு நான்காவது ஆகிவிட்டது. மாலை நட்சத்திரத்தை இப்போது அவரே கேட்காமல் வரைந்து வைக்கிறார். மனைவி இன்னும் அவர் பக்கத்தில் போகும்போது மூச்சை இழுத்து முகர்கிறார். அவருக்கும் அது தெரியும், எதுவும் சொல்வதில்லை.